கொர்தோபா ஓட்டலில் பால் கட்டிய நாட்கள்

1

உடைத்த கடுக்காய்களின் ஃபோட்டோ ஒன்று ஸ்பெயினிலிருந்து வந்தது. உள்ளே வெறும் தூள். அனுப்பியது கொர்தோபா என்ற பழைய ஊரில், தோல் பதனிட எங்களிடம் கடுக்காய் வாங்கும் பட்டறை. லோடு முழுவதையும் திருப்பி அனுப்பப் போவதாக எழுதியிருந்தார்கள்.

கரியாலூர்ப் பக்கம் மலையில் பொறுக்கும் கடுக்காய், கள்ளக்குறிச்சியில் எங்கள் மண்டிக்கு வரும். தரம் பிரிக்கும் செக்‌ஷன் என் பொறுப்பு. பூச்சி அரித்த காயைக் கையில் எடுத்ததுமே எடை குறைவது தெரிந்துவிடும்.

"நா போனா பேச்சுதான் ஜாஸ்தியாவும். காயப் பாக்கத் தெரிஞ்சவ நீதாம்மா" என்றார் முதலாளி பாய். "போயி நல்ல காயத் தனியாப் பிரிச்சுக் குடுத்துட்டு வா. பத்து நாள். வூட்ல புள்ளையப் பாத்துக்குவாங்க இல்ல?"

"மாமியார் இருக்காங்க பாய்" என்றேன். ஒன்பது மாதப் பிள்ளை இன்னும் என்னிடம் பால் குடிக்கிறான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, சொல்லாமலே விமானம் ஏறினேன்.

2

ஆறே அறைகள் கொண்ட ஓட்டல். நடு முற்றத்தில் சுவர் நிறையப் பூந்தொட்டிகள். நடத்தியவர் பிலார் என்ற அறுபது வயது அம்மாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

மதியம் இரண்டு முதல் ஐந்து வரை பட்டறை மூடிவிடும். ஊரே தூங்கும். அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டம். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். பால் வற்றிவிடக் கூடாது என்று, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறப்பேன். பிறகு வீடியோ கால். நான்காம் நாள் மாமியார் சொன்னார்:

"உன் மூஞ்சியப் பாத்தா ஏங்கிப் போறாம்மா. நேத்து போனையே நக்கிக்கினு இருந்தான். ரெண்டு நாளு கூப்புடாத."

கூப்பிடவில்லை. மறுநாள் மதியம் கண்ணயர்ந்தபோது பால் கசிந்து படுக்கை விரிப்பெல்லாம் நனைந்துவிட்டது. வெட்கத்தில் நானே துவைத்து பால்கனியில் போட்டேன். பிலார் படியேறி ஓடிவந்தார். தெருப்பக்கம் துணி காயப்போடக் கூடாதாம். அவர் தன் போனில் பேச, அது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னது. பதிலுக்கு நான் பிள்ளையின் ஃபோட்டோவைக் காட்டி, நனைந்திருந்த என் சுடிதாரையும் காட்டினேன். விரிப்பை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு கட்டு டவலோடு திரும்பினார்.

"எத்தனை மாதம்?" என்றது போன்.

"ஒன்பது."

"பிறகு ஏன் இங்கே இருக்கிறாய்?"

அந்த மெஷின் குரலைக் கேட்டதும் டவலை வாங்கி மார்பில் அழுத்திக்கொண்டேன்.

3

அன்று மாலை பாய் போனில் பேசினார். "பார்ட்டிக்கு உன் வேல புடிச்சிப்போச்சு. போன வருஷ மூட்டையையும் பாத்துடு. இன்னும் ஒரு வாரம் சேத்து இருந்துட்டு வா."

'சரிங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. "முடியாதுங்க பாய். புள்ள இன்னும் எங்கிட்டதான் பால் குடிக்கிறான். பால் கட்டிக்கினு என்னால கையத் தூக்க முடியல."



"இன்னாம்மா இது! எங்கிட்ட சொல்லக் கூச்சம்னா எங்க வூட்டம்மாகிட்ட சொல்லக் கூடாதா? அங்க இருக்கறவங்களுக்குக் காயப் பாக்கக் காட்டிக் குடுத்துட்டுக் கெளம்பு. டிக்கெட்ட மாத்தறேன்."

பட்டறைப் பெண்கள் இருவருக்கு இரண்டு நாள் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் கை சீக்கிரமே எடையைப் பிடித்துக்கொண்டது. லோடு திரும்பவில்லை.

வீட்டில் மாமியாரின் இடுப்பில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் அவர் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டான். மாலையில்தான் வந்தான். மடியில் போட்டு மார்பில் வைத்தேன். சிரித்தான், என் தாடையைக் கிள்ளினான், இறங்கித் தவழ்ந்து போய்விட்டான். நான்கு நாள் முயன்றேன். தூக்கக் கலக்கத்தில்கூட வாய் வைக்கவில்லை.

"இட்லி நல்லா சாப்புடறாம்மா. வுடு" என்றார் மாமியார், ஆறுதலாகத்தான். அதன் பிறகும் மூன்று வாரம், அவன் அழும்போதெல்லாம் எனக்கு ஜாக்கெட் நனைந்தது.

இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் குடித்திருப்பானா? போகாமலே இருந்திருக்கலாமா? இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் செக்‌ஷனில் யாரை வெளியூர் அனுப்புவது என்பதை இன்று நான்தான் முடிவு செய்கிறேன். புதிதாகத் தாயானவள் என்றால் தனியாகக் கூப்பிட்டு, "புள்ள பால் குடிக்குதா?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். பதில் சொல்லாமல் அவள் தலை குனிந்தாலே போதும், வேறு பேரை எழுதிவிடுவேன்.