விட்டுடு சார் பிடித்துவைத்த மீன்

ஏரிக்கரையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. 'விட்டுடு சார்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடமாக ஏரிக் காவலர். வருடத்தில் இரண்டு மாதம், மீன்கள் சினை பிடித்து முட்டையிடும் காலத்தில், படகுத்துறையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தூண்டில் போட்டுத் திரும்புகிறவர்கள் பிடித்த மீனை அவரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வலது கட்டைவிரலால் மீனின் வயிற்றை லேசாக அழுத்திப் பார்ப்பார். வெறும் வயிறு என்றால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். சினை இருந்தால் ஒரே ஒரு சொல்தான்: "விட்டுடுங்க."

கெஞ்சினாலும் அதுதான், மிஞ்சினாலும் அதுதான். பழக்கம் முற்றி, கடையில் தக்காளி வாங்கும்போதும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கனிந்திருந்தால் "விட்டுடுங்க" என்று கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். இதனால் அவர் வீட்டில் முப்பத்தொரு வருடமாகக் காய்த் தக்காளிதான். அவர் மனைவி ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு அந்தம்மாவும் விட்டுவிட்டாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் குளறுபடி செய்ய ஒரு மச்சினன் வேண்டுமே, இருந்தான். மனைவியின் ஒரே தம்பி, பல் டாக்டர். சினைக்காலம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவன் தூண்டிலில் எட்டுக் கிலோ கெண்டை ஒன்று மாட்டியது. கூடவே கையளவு இன்னொன்று. பெரியதைக் கரைக்கு இழுத்துப் போட்ட கையோடு தொலைபேசியை எடுத்து, தன் மருத்துவமனையின் பத்தாவது வருட விருந்துக்கு அறுபது பேரை அழைத்துவிட்டான். அதற்கப்புறம்தான் மீனைக் காட்ட மாமாவிடம் வந்தான்.

விட்டுடு சார் கட்டைவிரலை வைத்தார். வயிறு முழுக்கச் சினை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"மாமா, அறுபது பேரு வராங்க," என்றான் டாக்டர்.

"விட்டுடுங்க மாப்ள."

"முடியாது."

இந்த ஒரு சொல்லை விட்டுடு சார் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அழுதவர்கள் உண்டு, சாபம் விட்டவர்கள் உண்டு, முடியாது என்று சொன்னவர் இல்லை. அதனால் விதிப் புத்தகத்தின் பதினான்காம் விதியைத் தாண்டிப் படிக்கவும் அவருக்கு நேர்ந்ததில்லை. அன்றைக்குப் புரட்டினார். பதினான்காம் விதி: சினை மீனை உடனடியாகத் தண்ணீரில் விட வேண்டும். பதினைந்தாம் விதி: விட மறுப்பவரிடமிருந்து கைப்பற்றும் மீனை, மேலதிகாரி வந்து பார்க்கும்வரை அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விடவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும். விதியை மீறுவது என்ற எண்ணமே அவருக்கு வராது. அரைமணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் மீனை விட்டார். தண்ணீரில் விட்டாயிற்று, அலுவலகத்திலும் வைத்தாயிற்று, டாக்டர் பேரில் வழக்கும் எழுதியாயிற்று. டாக்டர் வந்த கோபத்தில் அந்தக் கையளவு மீனையும் தொட்டிக்குள் வீசி, "இதையும் நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் மனைவி அவரோடு பேசவில்லை. தம்பி மேல் வழக்கு எழுதிய மனுஷனிடம் என்ன பேச்சு? சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், சொல்ல வேண்டியதையெல்லாம் உப்பு டப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "சிலருக்கு ஒரு மீன்தான் உறவு," என்று ஒரு நாள் உப்பு டப்பாவிடம் சொன்னாள்.

உண்மையும் அதுதான். அவருக்கு அந்த மீனைப் பிடித்துப் போயிற்று. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான மீன் அவர் கட்டைவிரலைக் கடந்து போயிருக்கிறது, எதையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. இது ஒன்றுதான் கூட இருந்தது. காலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தொட்டிக்குத்தான் போவார். விரலைத் தண்ணீரில் வைத்தால் மீன் மெதுவாக வந்து முகர்ந்துவிட்டுப் போகும். அதற்குச் சிறை வைத்தது போல இருக்கக் கூடாதென்று ஏரியிலிருந்து பாசியும் செடியும் கொண்டுவந்து போட்டார்.

இங்கேதான் அவர் ஏமாந்தார். ஏரிப் பாசி, அமைதியான தண்ணீர், பக்கத்திலேயே டாக்டர் வீசிவிட்டுப் போன மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு வேறென்ன வேண்டும்? நான்காம் நாள் பாசியெல்லாம் முட்டை. எட்டாம் நாள் தண்ணீரெல்லாம் குஞ்சு.

அலுவலகத்துத் தண்ணீருக்கெல்லாம் அந்த ஒரு தொட்டிதான். எழுத்தர் கை கழுவக் குழாயைத் திறந்தால் நாலு குஞ்சு வந்து விழும். அவர் அவற்றைப் பொறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் பாதி கழுவிய கையோடு கோப்பு எழுதினார். விட்டுடு சார் குழாய்க்குத் துணி கட்டினார். துணிக்குள்ளும் புகுந்து வந்தன.

பன்னிரண்டாம் நாள், சினைக்காலத்தின் கடைசி நாள், மேலதிகாரி வந்தார். டாக்டரும் ஒரு வாளியோடு வந்து நின்றான். விருந்தை அன்று இரவுக்குத் தள்ளிப்போட்டிருந்தான். எழுத்தர் மரியாதையாக ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரி அதை எடுத்து வாய்க்குக் கொண்டு போனார்.

"விட்டுடுங்க சார்," என்றார் விட்டுடு சார்.

மேலதிகாரி தம்ளருக்குள் பார்த்தார். உள்ளேயிருந்து மூன்று பேர் அவரைப் பார்த்தார்கள்.

விசாரணை தொட்டியோரத்தில் நடந்தது. அறிக்கையில் 'சினை நிறைந்த மீன்' என்று எழுதியிருந்தது. தொட்டியில் இருந்த மீனோ, காலிப் பை மாதிரி வயிறு ஒட்டி இருந்தது. சினை எங்கே என்று மேலதிகாரி கேட்டார். விட்டுடு சார் தொட்டியைச் சுற்றி விரலைக் காட்டினார். மேலதிகாரி வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். மீனில் சினை இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. சினைக்காலம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது, ஆறடித்ததும் மீனை அதற்குரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் கைப்பற்றும்போது மீனுக்குள் இருந்தவை, ஆகவே அவையும் டாக்டருடைய உடைமை. ஒன்று குறையாமல் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

"சுமாரா ஒரு எண்ணிக்கை போட்டுக்கலாமா?" என்றான் டாக்டர்.

படிவத்தில் 'சுமார்' என்று எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டு மேலதிகாரி தாகத்தோடு புறப்பட்டுப் போனார்.

ஆறு மணிக்கு அந்த மீன் வாளிக்குப் போகும், ஏழு மணிக்கு நெருப்புக்குப் போகும். தடுக்க விட்டுடு சாரிடம் ஒரு விதியும் இல்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு இரண்டு டீ வடிகட்டிகளை எடுத்துவந்தார்.

தொட்டிக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. வடிகட்டியில் ஒவ்வொன்றாக அள்ளி, எண்ணி, வாளியில் விட்டார்கள். டாக்டருக்கு விருந்து முக்கியம், அதனால் ஆரம்பத்தில் வேகவேகமாக எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று துள்ளித் தொட்டிக்கே திரும்பிவிட்டது. எது துள்ளியது என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மதியம் வாக்கில் டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டான். அறுநூறைத் தாண்டியதும் எண்ணுவதோடு நிற்காமல் பேசவும் தொடங்கினான். "இதுக்குத் தாடை கோணலா இருக்கு மாமா, பாருங்க," என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அதைத் தனியாக ஒரு தம்ளரில் வைக்கச் சொன்னான். பெரிய மீன் அடிக்கொரு தரம் அவன் முன்னால் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பத்து வருடமாக வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று ஊரையே கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். கேட்காமலேயே திறந்த முதல் வாய் இதுதான்.

"இதுக்கு வாயில பல்லே இல்ல மாமா."

"தொண்டைக்குள்ள இருக்கும் மாப்ள."

"வலிச்சா யாருகிட்ட போகும்?"

இந்தப் பன்னிரண்டு நாளில் இருவரும் பேசிக்கொண்ட நல்ல வார்த்தை இதுதான் என்று விட்டுடு சாருக்குத் தோன்றியது.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு என்று டாக்டர் சொன்னபோது ஆறு மணிச் சங்கு ஊதியது. தொட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தன. விட்டுடு சார் எழுந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சங்கு ஊதியதும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? வேலை அப்படி. ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை, எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"வச்சுக்கோங்க மாப்ள," என்றார். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீன் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் கையில் வடிகட்டி, வடிகட்டியில் ஒரு குஞ்சு. அதைப் பார்த்தான், வாயைத் திறந்து நின்ற அம்மாக்காரியைப் பார்த்தான், மாமாவின் முதுகைப் பார்த்தான்.

"எண்ணிக்கை தப்பிடுச்சு மாமா," என்றான். "மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும். இங்க இடம் பத்தாது. ஏரியில விட்டுட்டு எண்ணிக்கலாம்."

வாளியோடு ஏரிக்கு எட்டு நடை நடந்தார்கள். பெரிய மீனை மட்டும் டாக்டரே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான். விருந்துக்கு வந்த அறுபது பேருக்கும் அவன் ரொட்டியும் தக்காளியும் கொடுத்ததாகக் கேள்வி. வீட்டுக்குப் போன விட்டுடு சாரின் நனைந்த சட்டையை மனைவி பார்த்தாள். உப்பு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி சாப்பிட்டானா?" என்று அவரையே கேட்டாள்.

படிவம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எண்ணிக்கைக்கான கட்டத்தில் 'எண்ணப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாக்டர் தூண்டில் இல்லாமல் வந்து, மாமாவின் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எத்தனை ஆச்சு மாப்ள என்று அவர் கேட்பார். இன்னிக்கு மூணு தெரிஞ்சுது மாமா என்பான்.