விழத் தெரியாத விலாங்குகள்

எங்கள் ஊர் தொழில்முறை வலைப்பந்து அணியில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தவர்கள் இரண்டே பேர். மெரன் கில்கிறிஸ்ட் ஆடினாள். பெர்னி ஹோகன் உட்கார்ந்தாள். மெரனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. பெர்னியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

அணியின் பெயர் ஓரேட்டி ஈல்ஸ். ஓரேட்டி எங்கள் ஆறு, ஈல்ஸ் அதிலிருக்கும் விலாங்கு மீன்கள். பிடிக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்து யாரோ பட்டணத்து விளம்பரக்காரர் வைத்தது. எங்கள் பெண்களை அவர் பார்த்திருக்கவில்லை. ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்கள் வழுக்க மாட்டார்கள், வேலிக் கம்பம் மாதிரி நிற்பார்கள். சம்பளம் கொடுத்ததால் தொழில்முறை அணி என்றார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி யாரும் வேலையை விடவில்லை. பெர்னி பால் டேங்கர் லாரி ஓட்டினாள். வெளியூர் ஆட்டத்துக்கு விமானச் செலவு என்றால், நானும் இன்னும் சில பெண்களும் சமூகக்கூடச் சமையலறையில் நின்று ரொட்டித் துண்டில் சீஸைத் தடவி, சுருட்டி, டஜன் டஜனாக விற்போம். உலகத்திலேயே சீஸ் ரோலில் பறந்த தொழில்முறை அணி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெர்னியும் மெரனும் ஒரே இடத்துக்கு ஆடுகிறவர்கள். கோல் வளையத்தின் கீழே நின்று எதிரணிக்காரியை எறியவிடாமல் தடுக்கும் காப்பாளர் இடம். மெரன் நாட்டிலேயே சிறந்த காப்பாளர். அவளை வெளியே எடுக்கப் பயிற்சியாளர் நோலீனுக்குப் பைத்தியமா? அந்தக் காலத்து விதிப்படி இடைவேளையில்தான் ஆள் மாற்றலாம். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் களத்தில் யாராவது அடிபட்டு ஆட்டம் நிற்க வேண்டும். வடக்கே உள்ள அணிகளுக்கு இது கைவந்த கலை. பயிற்சியாளர் மூக்கைச் சொறிந்தால் போதும், ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சாய்வாள். மாற்று ஆள் உள்ளே போனதும் எழுந்து துள்ளிக்கொண்டு வெளியே வருவாள். எங்கள் பெண்களுக்கு இது வரவே வராது. நிஜமாகவே அடிபட்டாலும் விழ மாட்டார்கள். விழுவது என்பது இங்கே ஒழுக்கக்கேடு.

ஒரு குளிர்கால ஆட்டத்தில் மெரனின் கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் என் இருக்கை. பெர்னி கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது.

"மெரன்! விழுடி!"

"எதுக்கு?"

"உன் காலப் பாரு!"

"பாத்துட்டேன். இருக்கு."

அதோடு முடிந்தது பேச்சு. அந்த ஆண்டு கோப்பை எங்களுக்கு வந்தது. நாளிதழில் வந்த படத்தில் பெர்னி ஓரத்தில் நின்று சிரிக்கிறாள், எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் அணைத்துக்கொண்டு. மற்ற கோப்பைப் படங்களிலும் அப்படித்தான். தோற்றுப்போய்விட்ட வெளியூர் ஆட்டங்களின் கடைசிக் கால் பகுதியில் அவ்வப்போது அவளை இறக்குவார்கள். உள்ளூரில் ஒருமுறைகூட இல்லை. எங்கள் ஜனங்கள் முன்னால் அவள் ஆடியதே கிடையாது. பால் எடுக்கப் போகிற பண்ணையிலெல்லாம் கிழவர்கள் கேட்பார்களாம், "பெர்னி, நீ இன்னும் அந்த டீமுலதான் இருக்கியா, இல்ல டிக்கெட் வாங்கி உள்ள போறியா?" அவளும் சிரித்துக்கொண்டு குழாயை மாட்டுவாள்.

அப்புறம் தலைமையகத்தில் கணக்குப் போட்டார்கள். நாட்டில் அணிகள் அதிகமாம், ஜனம் குறைவாம். எங்கள் அணியை, காலங்காலமாக எங்களுக்கு ஆகாத பக்கத்து நகரமான டனீடின் அணியோடு சேர்த்துவிட்டார்கள். டனீடின்காரிகளோடு! அதற்குப் பேசாமல் எங்களை ஆற்றிலேயே விட்டிருக்கலாம். புது அணியில் மெரனுக்கு இடம் உண்டு, பெர்னிக்கு இல்லை. கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், வடக்கத்தி அணி ஒன்றோடு.

அந்த வாரம் இரண்டு பேரும் சமையலறைக்கு ரோல் சுருட்ட வந்திருந்தார்கள். பெர்னி தடவிக்கொண்டே சொன்னாள்.

"மெரன், சனிக்கிழமை எனக்காக ஒருதடவ விழுவியா?"

"நடிக்கச் சொல்றியா?"

"ஆமா."

"எங்கம்மா உக்காந்திருப்பாங்கடி!"

"உங்கம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடு. நாம ஜெயிச்சிட்டிருக்கும்போது விழுந்தா போதும். கடைசி கொஞ்ச நேரம். நம்ம ஊர்ல, நம்ம ஜனங்க முன்னாடி. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

மெரன் ஒரு ரோலை மிகவும் இறுக்கமாகச் சுருட்டினாள். "எப்படி விழணும்னே எனக்குத் தெரியாதே" என்றாள்.

தெரியவில்லைதான். சனிக்கிழமை கடைசிக் கால் பகுதியில் நாங்கள் ஆறு கோல் முன்னால் இருந்தோம். மெரன் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, புல்வெளியில் சாப்பிட உட்காருகிறவள் மாதிரி மெல்ல உட்கார்ந்தாள். "கணுக்கால்" என்று நடுவரிடம் அறிவித்தாள். நடுவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

அரங்கமே உறைந்துவிட்டது. மெரன் கில்கிறிஸ்ட் தரையில் இருப்பதை அந்த ஊர் கண்டதே இல்லை. ஏதோ உயிர் போகிற விஷயம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதலுதவிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். "நான் நடப்பேன், விடுங்க" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். வழக்கமாகச் சொல்கிற பொய் என்று நினைத்துப் பட்டையால் கட்டியே தூக்கினார்கள். அவள் அம்மாவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாள் அழ, பக்கத்து வரிசையும் சேர்ந்து அழுதது. பெர்னி ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்து மெரனின் நெஞ்சில் ஒட்டியிருந்த, காப்பாளர் இடத்தைக் குறிக்கிற ஜி.கே. எழுத்துத் துணியைப் பிய்த்துத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வந்த முதல் பந்தையே பிடித்தாள். எதிரணிக்காரி தலைக்கு மேலே எழும்பி, ஒரே கையால் காற்றிலிருந்து பறித்தாள். நான் எழுந்து நின்று கத்தினேன். பண்ணைக் கிழவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். அவள் கீழே வந்தபோது முழங்காலில் சடக்கென்று ஒரு சத்தம். பெஞ்சு வரை கேட்டது.

பெர்னி பந்தைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். ஒற்றைக் காலில் நின்றாள்.

"விழுடி!" பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்த ஸ்ட்ரெச்சரிலிருந்து மெரன் அலறினாள். "பெர்னி, விழு! நான் வரேன்!"

பெர்னி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரணிக்காரி அவள் கைக்கு மேலே நிதானமாக எறிந்து ஒரு கோல் போட்டாள். அடுத்ததும் போட்டாள். நோலீன் மூக்கைச் சொறிந்தாள். யார் அடிபட்டதாகச் சொன்னாலும் ஆட்டம் நிற்கும், மெரன் உள்ளே போய்விடலாம். களத்தில் மற்ற ஆறு பேர் இருந்தார்கள்.

"யாராவது விழுங்களேன்டி!" என்று மெரன் பட்டையை இழுத்துக்கொண்டு கெஞ்சினாள்.

நடுக்களத்துப் பெண் பெர்னியைப் பார்த்தாள். பெர்னி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. ஒருத்தியும் விழவில்லை. ஆறு பேரும் நோலீனைப் பார்க்காமல், பெர்னிக்கும் சேர்த்து ஓடி ஆடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டம் போகிறதே என்று அழுததாகப் பக்கத்திலிருந்தவர் நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்.

ஒரு கோலில் தோற்றோம். கடைசி விசில் ஊதிய பிறகுதான் பெர்னி தரையில் உட்கார்ந்தாள். நோலீன் ஓடி வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"மடச்சி, கால் போனதும் விழுந்திருக்கலாம்ல? ஜெயிச்சிருப்போம்ல? ஏண்டி விழல?"

பெர்னி முழங்காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் வெளிறிப்போய், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாற்போல நோலீனைப் பார்த்தாள்.

"இப்பத்தானே கோச் உள்ள வந்தேன்" என்றாள்.