எரிக்காத படுக்கை விரிப்பு

நம்புகிறவர்கள் நம்புங்கள். யுங்காஸ் மலைச்சரிவில், எங்கள் ஊருக்கு மேலே, என் கண் முன்னால் நடந்தது இது. நான் காப்பித் தோட்டக்காரன். கதை கட்ட எனக்கு வராது.

போன நவம்பரில் எங்கள் பள்ளத்தாக்குக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கும் போட்டி. நான்கு நாளில் யார் அதிக வகை உயிர்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள் என்று. எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். அந்துப்பூச்சியும் வண்டும் எனக்கும் எங்கள் ஊர்க்காரன் குரோவருக்கும் ஒதுக்கப்பட்டன.

குரோவருக்கு இது விளையாட்டல்ல. ஜெயித்தால் அவனுடைய மலைமுகட்டில் விடுதி கட்ட நகராட்சி அனுமதி தரும். போட்டிக்கு ஒரு மாதம் முன்புவரை அந்த முகடு அவன் அண்ணன் பசிலியோவுடையது. ஒரு மரத்தைக்கூடத் தொடவிடாத மனிதர். அங்கேயே கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து செத்தார்.

இறந்தவரின் துணிகளை எட்டாம் நாள் ஆற்றில் துவைத்து, உடம்போடு ஒட்டிக் கிடந்ததை எரித்துவிடுவது எங்கள் வழக்கம். அண்ணனின் படுக்கை விரிப்பைக் குரோவர் நெருப்பில் போடவில்லை. தடித்த வெள்ளைப் பருத்தி. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி விளக்குப் போட்டால் பூச்சிகள் வந்து அப்பும்.

துணியோடு நாங்கள் முகட்டுக்கு ஏறும்போது பசிலியோவின் மனைவி யூஃப்ராசியா பார்த்துவிட்டாள்.

“செத்த மனுசன் விரிப்பைக்கூட விட்டு வைக்க மாட்டியா தம்பி?”

“எழவுத் துணி, கல்யாணத் துணின்னு பூச்சிக்குத் தெரியவா போகுது அண்ணி?”

அவள் தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டி விளக்கைப் போட்டோம். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பூச்சிகளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை.

பிறகு ஒரு தாபராக்கு வந்தது. உள்ளங்கை அகலக் கரிய அந்துப்பூச்சி. வீட்டுக்குள் நுழைந்தால் சாவு வருமென்று நாங்கள் அடித்து விரட்டுவோமே, அது. பின்னாலேயே இன்னொன்று. பத்து. நாற்பது. வேறு எதுவும் வரவில்லை. எத்தனை வந்தாலும் கணக்கில் ஒரே வகைதான். குரோவர் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

நான் படம் எடுத்தபடியே இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அத்தனை இறக்கைகள்... சத்தமே இல்லை.

அவை கண்டபடி உட்காரவும் இல்லை. இது தோள். இது இடுப்பு. ஒரு கால் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து... பசிலியோவின் கால் அப்படித்தான் இருக்கும்.

டப்.

கொம்பு வண்டு ஒன்று துணியில் மோதி ஒட்டிக்கொண்டது. டப். டப். எல்லாம் ஒரே இடத்தில். தலையில், இடது காதுக்குப் பின்னால்.

காற்றில்லை. துணி மெல்லப் புடைத்தது... அடங்கியது. மறுபடி புடைத்தது.

ஜெனரேட்டர் நின்றது.

விளக்கு அணையவில்லை.

ஒரு படம் எடுத்தேன். அதுதான் கடைசி.

என் தோளை உரசி நின்ற குரோவர் துணியைப் பார்த்துப் பேசினான்.

“ஒரே ஒரு தடவைதாண்ணே கல்லால அடிச்சேன்... நீ அப்பவே கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல?”

துணி மீண்டும் புடைத்தது. அவன் பின்னால் ஓரடி வைத்தான்.

இன்னொரு அடி.

பின்னால் பள்ளம். கத்தினேன். எட்டிப் பிடித்தேன். சிக்கவில்லை.

அலறல் இல்லை...

கீழே சத்தம் மட்டும் கேட்டது.

படங்கள் தாமாகவே இணையத்தில் ஏறியிருந்தன. ஒரு வாரம் கழித்து, போர்ச்சுகல்லில் பூச்சி ஆராயும் ஒரு பெண்மணி கீழே எழுதியிருந்தார். பூச்சியின் பெயர் சரிதானாம். துணிக்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கு இடது காதோரம் ரத்தம் வழிகிறதே, யாரும் உதவவில்லையா என்று கேட்டிருந்தார்.

நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பூச்சிகள்தான் தெரிந்தன.

நான் சொன்னதை வைத்துப் போலீஸ் பசிலியோவின் குழியைத் தோண்டியது. மண்டை உடைந்திருந்தது அதே இடத்தில்தான்.

கடைசிப் படத்தின் கீழும் அந்தப் பெண்மணி ஒரு வரி எழுதியிருந்தார்: “இதில் அவர் ஒருவரின் கழுத்தைப் பிடித்திருக்கிறாரே, அந்த நீல ஸ்வெட்டர்க்காரர் யார்?”

அன்று குரோவர் போட்டிருந்தது நீல ஸ்வெட்டர்.

ஆனால் அந்தப் படத்தை நான் எடுத்தபோது அவன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.