அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலர் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் பெண்பிள்ளையே கிடையாதே, அக்கா யார்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக்கூடும். கேட்க வேண்டியவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது நம் குடும்ப வழக்கம். அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தறியில் உட்காருகிறவன், எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா என்கிற சொல்லில் மட்டும் பிழை இல்லை.

அக்கா பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாக. ஆண்பிள்ளை என்று சொல்லித் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்களாம். எட்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன். வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. புதுப் பாவு நூல் வந்தால் அதன் ஒவ்வோர் இழையையும் தறியில் இருக்கும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். தெருப் பெண்கள் வந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து பிணைப்பார்கள். அக்கா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவார். கை அவ்வளவு சுத்தம், அவர் பிணைத்த இடத்தில் இழை அறுந்ததே இல்லை. அப்பாவுக்கு அந்த வேலை பிடித்தது. உட்கார்ந்த இடம்தான் பிடிக்கவில்லை.

பதினேழு வயதில் அக்கா வீட்டைவிட்டுப் போனார். போனார் என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் அனுப்பப்பட்டார். அப்பாவும் இன்று இல்லை. இருவரைப் பற்றியும் நல்லபடியாக எழுத வேண்டியிருப்பதால் அந்த நாளை இத்தோடு விடுகிறேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் அக்கா எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பின்னால் அவரே துண்டு துண்டாகச் சொன்னார். சென்னையில் திருநங்கைகள் சிலரோடு இருந்திருக்கிறார். முறையான மருத்துவரிடம் போக வழி தெரியாத காலத்தில், யாரோ ஒருவரிடம் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, காய்ச்சலோடு நாற்பது நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார். கஞ்சி வைத்துக் கொடுத்து, புண்ணைத் துடைத்துப் பிழைக்க வைத்தது ஒரு மூத்த திருநங்கை. அவரை அக்கா கடைசிவரை அம்மா என்றுதான் அழைத்தார். சிறுநீர்ப் பாதையில் அன்று வந்த கோளாறு மட்டும் அவரைவிட்டுப் போகவே இல்லை.

அந்த நாற்பது நாள்தான் அக்காவின் பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். நாற்பது வயதுக்குச் சற்று முன்பு காஞ்சிபுரம் திரும்பி, ஓரிக்கையில் ஒரு வாடகை வீடு பிடித்தார். கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பது தொழில். ஆனால் அக்காவை ஊருக்குத் தெரிந்தது வேறொன்றால். மருத்துவமனைக்குத் தனியாகப் போகப் பயப்படுகிற திருநங்கைகளுக்குத் துணைக்குப் போவார். தோளில் ஒரு பச்சைப் பை. அதில் ஆதார் நகல்கள், தண்ணீர், பிஸ்கட், ஒரு போர்வை. எந்த மருத்துவர் நிமிர்ந்து பார்த்து "உட்காரும்மா" என்பார், எந்த மருத்துவர் பார்க்காமலேயே மாத்திரை எழுதுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திருநங்கைகள் மட்டுமில்லை. பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழும் தம்பி ஒருவர், வயிற்று வலியோடு பெண்கள் நோய்ப் பிரிவின் வாசலில் நிற்கவே கூச்சப்பட்டபோது, அவர் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒன்றாக வாழ்வதற்காக வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களில் ஒருவருக்கு டெங்கு வந்தபோது, "சொந்தக்காரங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று சொன்ன நர்ஸிடம், "நான் இவளுக்குப் பெரியம்மா, கொண்டா பேனாவ" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்படிப் பெரியம்மாவாக எத்தனை பேருக்கு ஆனார் என்று அவருக்கே தெரியாது.

எங்களிடம் அவர் திரும்பி வந்ததும் மருத்துவமனை வழியாகத்தான். அப்பா காலமான பிறகு, எங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பெண்கள் வார்டில் இரவும் பகலும் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி அப்போது கைக்குழந்தைக்காரி. செய்தி எப்படியோ ஓரிக்கைக்கு எட்டி, அக்கா பச்சைப் பையோடு வந்து நின்றார். பதினோரு நாள் அம்மாவோடு இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், "யாரு, உங்க ஒறவுமொறையா?" என்று கேட்டதற்கு எங்கள் அம்மா, "என் பெரிய பொண்ணு. கோச்சிக்கினு போயிருந்தா, இப்பத்தான் வந்தா" என்றார். வாசலில் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்த என் காதில் அது விழுந்தது.

அம்மாவுக்கு வந்த வாய் எனக்கு வரவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார். என் மகள் பேச ஆரம்பித்ததும் தானாகவே அத்தை என்றாள். நான் மட்டும் எந்த முறையும் சொல்லாமல் பல வருஷம் ஓட்டினேன். "இந்தா", "கேக்குதா", "சாப்ட்டாச்சா" என்று முறைப்பெயரே இல்லாமல் பேசிப் பாருங்கள், எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அக்கா கண்டுகொண்டிருப்பார். கேட்டதில்லை. ஒரே ஒருமுறை, "இன்னாபா, எனக்கு இந்தான்னு பேர் வெச்சிட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவோடு இருந்த ஒரு திருநங்கை காமாலையில் இறந்துபோனார். தகவல் போய்ப் பிறந்த வீட்டார் வந்தார்கள். முதலில் தலைமுடியை வெட்டினார்கள். வளையலைக் கழற்றினார்கள். அக்கா உள்ளே போகவிடாமல் தெருமுனையிலேயே நிறுத்தப்பட்டார். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்துவதைக் கோடி போடுவது என்கிறோம். உடன்பிறந்தவன்தான் அதைக் கொண்டுவர வேண்டும். அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "பொறந்த ஊட்டுக் கோடி வந்துச்சும்மா. வேட்டியா வந்துச்சு."

நான் தறியைவிட்டு எழாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் என் தவறு நடந்தது. ஒரு நாள் அக்காவுக்குக் குளிர் காய்ச்சல், நினைவு தப்பிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மகளாக ஏற்று வளர்த்த மேகலா வெளியூர் போயிருந்ததால் நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. தவறு அங்கே இருந்தவர்களிடத்தில் இருந்ததைவிட என் வாயில் அதிகம் இருந்தது. சீட்டு எழுதுகிற பெண் குனிந்தபடியே, "பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். இத்தனை வருஷம் முறை சொல்லாமல் தப்பித்தவனுக்கு அங்கே தப்ப வழியில்லை. என் வாயில் வந்தது, "அண்ணன்."

ஆண் என்று எழுதினார்கள். ஆண்கள் வார்டில் போட்டார்கள். பெண் என்று எழுதிய அடையாள அட்டை அக்காவின் பச்சைப் பையிலேயே இருந்தது, நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் காபியோடு போனபோது வேறு வார்டுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். மதியத்துக்குள் கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கிவிட்டு எழுந்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஊர்ல எத்தினி பேருக்கு நான் சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கு எழுத ஒருத்தன் வந்தான். அவனும் மாத்தி எழுதிட்டான்."

"தெரியாம வந்துடுச்சு…" என்றேன்.

"தெரியாமத்தான்பா உண்மை வரும். அங்க செத்தா ஆம்பளன்னு எட்த்துக்கினு போவீங்க. அதுக்கு நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

இரண்டு மாதம் எந்த மருத்துவமனையின் படியையும் மிதிக்க மாட்டேன் என்றே இருந்தார். ஊரெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் போனவரை அழைத்துப் போக ஆளில்லை. கடைசியில் மேகலா அழுது, சண்டை போட்டு, வெளியூரில் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் பேசிப் பெண்கள் வார்டில் இடம் வாங்கினார். இந்த முறை சீட்டு எழுதும் இடத்தில் நான் முந்திக்கொண்டு, "எங்க அக்கா" என்றேன். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பையில கார்டு இருக்குது, அத்த எடுத்துக் குடு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…" என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதியை இந்த ஓராண்டாக நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

டயாலிசிஸோடு ஒன்றரை வருஷம் இருந்தார். வாரம் இருமுறை போய்வருவோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று வழி சொல்லிக்கொண்டிருப்பார். நான் வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்று போட்டுப் பேசுவேன். "போதும்பா, தேஞ்சிடப் போவுது" என்பார். என் தவறைப் பற்றி அதன்பின் ஒரு சொல் பேசவில்லை. மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோடியைப் பற்றியும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா இறந்தது ஓரிக்கை வீட்டில், ஒரு புதன்கிழமை காலை, மேகலாவின் மடியில். சொல்லியனுப்பியதும் பெரியப்பா வந்தார். அப்பாவும் அம்மாவும் போனபின் எங்கள் குடும்பத்தில் இன்று மூத்தவர் அவர்தான். வாசலில் என்னைத் தனியே அழைத்து, "அண்ணனுக்கு வேட்டி வாங்கியாச்சா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான். நான் சைக்கிளை எடுத்தேன்.

முப்பது வருஷம் சேலை நெய்தவன் வீட்டில் புதுச் சேலை ஒன்று கிடையாது. தறியில் இருப்பது நெசவாளர் சொசைட்டிக்குப் போவது. எங்கள் தெருமுனைத் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரரும் நானும் பள்ளியிலிருந்து பழக்கம்.

"கோடிச் சேலை வேணும்பா. நல்லதா."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

"உனக்கு ஏதுப்பா அக்கா?" என்றார். கடையில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வெளியூர் மருத்துவமனையில் சொன்னது பெரிதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நம் தெருவில் சொல்வதுதான் சொல்வது.

"இருந்தாங்க. இன்னிக்குக் காலையிலதான் போய்ட்டாங்க," என்றேன்.

 கடைக்காரர் உள்ளே போய் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார்.

நான் திரும்பியபோது அக்காவைக் குளிப்பாட்டி, பூ வைத்து, பொட்டிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மேகலாவின் பக்கத்தில் ஒரு சேலை தயாராக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து வராது என்று நினைத்து அவர்களே வாங்கி வைத்தது. அவர்கள் அப்படி நினைத்ததில் குற்றமில்லை. சடங்கு செய்கிறவர் வழக்கப்படி குரல் கொடுத்தார்: "பொறந்த ஊட்டுக் கோடி இருக்குதா?"

 மேகலா அந்தச் சேலையை எடுக்கக் குனிந்தார்.

"இருக்குது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். விரித்துப் போர்த்தும்போது ஒரு முனை நழுவியது. அதை ஒரு கை பிடித்துச் சரியாக இழுத்துவிட்டது. பார்த்தேன், பெரியப்பா.

இனி நன்றி. பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்ட மேகலாவுக்கும் ஓரிக்கை வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் நன்றி. பெண்கள் வார்டில் இடம் கொடுத்த மருத்துவருக்கும், அக்கா என்று நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எழுதிய அந்தச் சகோதரிக்கும், அக்கா அன்று மூன்று மணி நேரம் துணையிருந்து, இறுதி யாத்திரையில் அவருக்குத் தோள் கொடுத்த அந்தத் தம்பிக்கும், "பெரியம்மா" என்று கதறிய அந்த இரண்டு பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. துணிக்கடைக்காரருக்கும், பெரியப்பாவுக்கும் தனியாக.

அக்காவின் பச்சைப் பை இப்போது என்னிடம் இருக்கிறது. மேகலாவுக்கு முடியாத நாள்களில் நான் போகிறேன். போன வாரம் ஒரு திருநங்கைப் பெண்ணோடு போயிருந்தேன். பத்தொன்பது வயது, வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சீட்டு எழுதுகிறவர், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எங்க அக்கா பொண்ணு," என்றேன்.

இப்படிக்கு,
தம்பி