பச்சைப் பட்டனில் சொருகிய குச்சி

எழுதத் தெரியாமல் எழுதுகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் பாதி வழியில் நின்றுவிடும். ஞாபகம் அதற்கும் முன்னால் நின்றுவிடும். இத்தனை வாரம் பொறுத்துக்கொண்டீர்கள், இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எழுதப்போவதே என் மறதியைப் பற்றித்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை. என் மகன் சண்முகம் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தான். நான் தொழுவத்துக் கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது...

குச்சியை எடுத்தேனா?

என்ன குச்சி என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பீர்கள். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும். ஆனால் தோட்டத்துக்கு வரும் த்ரீ பேஸ் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். யார் காத்துக்கொண்டு நிற்பது? அதனால் தென்னைமட்டையில் ஒரு துண்டைச் சீவி, பட்டன் அமுங்கியே இருக்கும்படி சொருகிவிடுவோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். ஆள் வேண்டாம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வயலில் பாய்கிறதா, வாய்க்கால் உடைந்து ரோட்டில் போகிறதா... எதையும் யாரும் பார்க்க வேண்டாம். எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் இந்தக் குச்சி இல்லாத மோட்டார் ரூம் எனக்குத் தெரிந்து குறைவு.

எங்கள் வீட்டில் அதைச் சொருகுவது என் வேலை. தொழுவத்துக்குப் போகிற வழியில்தான் மோட்டார் ரூம்.

சரி, சண்முகம் ஏன் கிணற்றில் இறங்கினான்?

போன மாதம் பால் சொசைட்டி முன்னால் ஒரு கூட்டம். கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு சின்னப்பெண் வந்திருந்தாள். பழைய இரும்புக் குழாயும், அதன் அடியில் தண்ணீர் ஏறுகிற வாயில் இருக்கும் அடைசலான ஃபுட்வால்வும் தண்ணீரை இழுத்துப் பிடிக்கின்றனவாம். மோட்டார் வீணாகத் திணறுகிறதாம். பிளாஸ்டிக் குழாயும் வாய் அகலமான வால்வும் போட்டால் கொஞ்சம் கரண்டிலேயே அதே தண்ணீர் வருமாம்.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "கரண்ட மிச்சம் பண்ணி நா என்ன அம்மணி, மூட்ட கட்டியா வெக்கப் போறேன்? சர்க்காரு சும்மாதான குடுக்குது."

"உங்களுக்குச் சும்மாங்க. அந்தக் கரண்ட் எடுக்கறதுக்கு எங்கியோ கரி எரியுதுங்களே."

"எரிஞ்சுட்டுப் போவுது. நம்மூட்டுக் கரியா?"

"பொக நம்மூட்டு மேலயுந்தானுங்க நிக்குது. அந்தப் பொகையில பூமியே சூடாவுதுங்க. மழ மாறிப்போகும்னு படிச்சவங்க சொல்றாங்க."

"அப்ப பல்லடத்துப் பக்கம் கரண்ட் எடுக்கக் காத்தாடி நட்டு வெச்சிருக்கறாங்களே, அது மேகத்தத் தொரத்தியுடுதாமா. அதுக்கென்ன சொல்ற?"

"மேகம் அதுக்கும் ரொம்ப மேல போவுதுங்க. காத்தாடிக்குக் கரி வேண்டாம், பொகையும் இல்லீங்க."

"எல்லாத்துக்கும் ஒரு பதில வெச்சிருக்குது புள்ள" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூமி சூடாகிறது என்றால் அதை யார் ஊதி அணைப்பது? அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சண்முகம் மட்டும் கேட்டுக்கொண்டான். குழாயை மாற்றிவிடுவோம் என்று மெக்கானிக் ராசுவை வரச்சொன்னான்.

எங்கள் மோட்டார் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடையில் இருக்கிறது. அதிலிருந்து இரும்புக் குழாய் தண்ணீருக்குள் இறங்கும். அந்த மோட்டாரைத் தொட்டால் சுருக்கென்று பிடிக்கும். 'எர்த்து சரியில்லீங்' என்று ராசு ஒவ்வொரு தடவையும் சொல்வான்; நாங்களும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வோம். இப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று, அந்த இரும்புக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருக்கும் வால்வைக் கழற்ற வேண்டும். இறங்கியவன் என் மகன்.

மேடையில் நின்ற ராசு கேட்டது கட்டுத்தறி வரைக்கும் என் காதில் விழுந்தது. "மெயின எறக்கியாச்சுங்களாண்ணா?"

"கரண்டே இல்லியேப்பா. பத்து மணிக்கு மேலதான் வரும். அதுக்குள்ள முடிச்சுப்போடலாம்."

"குச்சி?"

"அம்மா அப்பவே எடுத்துட்டாங்க."

எடுத்தேன். விடிந்ததும் முதல் வேலையாக எடுத்து ஜன்னலில் வைத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பால் கறக்கப் போனேன். திரும்பி வந்தேன். வருகிற வழியில் மோட்டார் ரூம்... தினமும் அந்த நேரத்தில்தானே சொருகுவேன்? எனக்கு மறதி உண்டு. என் கைக்கு மறதி கிடையாது.

கத்தியிருக்கலாம். 'சாமி, மேல வா' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஏறியிருப்பான். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஆயுசு முழுக்கச் சத்தம் போடாமல் இருந்தவளுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஓடினேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. வேலியில் சேலை மாட்டியது, கிழித்துக்கொண்டு ஓடினேன்.

குச்சி பட்டனில் இருந்தது.

இறுக்கமாக, நான் எப்போதும் சொருகுகிற மாதிரியே.

பிடுங்கினேன். மெயினைக் கீழே இழுத்தேன். அதற்குக் கீழேயே சுவரோடு உட்கார்ந்தேன். சுவரில் மூன்று பல்பு உண்டு, கரண்ட் வந்ததா என்று பார்க்க; மெயினை இறக்கினாலும் அது எரியும். மூன்றும் அணைந்து கிடந்தன. ஒரு தடவை மூச்சு விட்டேன். இரண்டாவது மூச்சு விடுவதற்குள் மூன்று பல்பும் பளிச்சென்று எரிந்தன.

மணி பத்துகூட ஆகவில்லை.

கீழே அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் ஸ்பேனர் படுகிற சத்தம் கேட்டது. நான் அந்த மெயினுக்குக் கீழே, பிடுங்கிய குச்சியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவன் மேலே ஏறி வருகிறவரை அங்கேயே இருந்தேன்.

"ஏனுங்கம்மா, இங்க உக்காந்துட்டீங்க?"

"சும்மாதான் கண்ணு. நெழலா இருந்துச்சு."

யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனே தெரிந்துகொள்ளப் போகிறான். சண்முகம், கோவிச்சுக்காத சாமி.

இப்போது புதுக் குழாய். மோட்டார் திணறாமல் ஓடுகிறது. குச்சியை அடுப்பில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் தேடினார். "ஏ புள்ள, குச்சியக் காணோம்?"

"எரிஞ்சுபோச்சுங்க."

"போனாப் போவுது. தோப்புல மட்டைக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லை. அதுதான் என் பயம். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை போய் அந்தப் பட்டனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ராத்திரி படுத்தால் அந்தச் சின்னப்பெண் சொன்னது வருகிறது. யாரும் பார்க்காமல் தானாக ஓடட்டும் என்று எத்தனை தோட்டத்தில், எத்தனை ஊரில், எத்தனை மில்லில் இப்படிக் குச்சி சொருகி வைத்திருக்கிறோம்? எங்கோ கரி எரிந்துகொண்டே இருக்கிறது. நாம் இந்தப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கிணற்றுக்குள் நிற்பது யார் பிள்ளை?

கரி, புகை, வால்வு — இதெல்லாம் நான் காதில் வாங்கியதை வைத்து எழுதியது. தப்பு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், உங்கள் மோட்டார் ரூமுக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.