இரண்டாம் எண் கட்டில்

என் வீட்டுக்காரர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். சாமான் ஏற்றும் சின்ன வேன் ஓட்டுகிறார், அது சோற்றுக்கு. சேவைச் சங்கத்தில் பதினோரு வருஷமாகச் செயலாளர், அது எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பேர். கோபித்துக்கொள்ள மாட்டார், நின்று கோபப்பட நேரம் வேண்டுமே!

டயர் கடைக்கு மேலே உள்ள நீளமான அறையில் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். தலைவர் ஒரு பல் டாக்டர். அவரையும் சேர்த்து இருபது பேர் இருப்பார்கள். ரத்ததான முகாம், கண் பரிசோதனை, பள்ளிக்கூடப் பைகள் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஒரு கைத்தடியை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டிக்குக் கொடுக்கிற படம்கூட எங்களிடம் இருக்கிறது. படத்தில் பாட்டியைத்தான் தேட வேண்டும்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்த இரண்டு கட்டில்களைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். அவை இரும்புக் கட்டில்கள். கால்மாட்டில் ஒரு பிடி இருக்கும், அதைச் சுற்றினால் தலைமாடு மேலே எழும்பும். படுத்த படுக்கையானவர்கள் வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வோம். ஒன்று, இரண்டு என்று சிவப்புப் பெயிண்டால் எண் போட்டது இவர்தான். ஏற்றுவது, இறக்குவது, டெட்டால் போட்டுத் துடைப்பது எல்லாம் இவர்தான்.

தேவை முடிவது என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பத்தில் இரண்டு பேர் எழுந்து நடப்பார்கள். மற்ற எட்டுப் பேர் விஷயம் வேறு. காத்திருப்போர் பட்டியல் இவருடைய சட்டைப் பையில் இருக்கும். அதனால் வாரம் தவறாமல் கட்டில் இருக்கிற வீடுகளுக்குப் போன் போடுவார். "அப்பா எப்படி இருக்காங்க?" உண்மையான அக்கறையோடுதான் கேட்பார், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கேட்கும்போதே விரல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். சில வீடுகளில் இவர் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. மணி அடிக்க அடிக்க இவர் கால் ஆடும். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பேக்கரிக்கார அம்மா நேரிலேயே வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் கோளாறு. நிமிர்ந்து சாய்ந்தால்தான் மூச்சு விட முடியும். வருகிற சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு பாய். அந்த அம்மா உள்ளே வராமல், கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டே கதவோரம் நின்றார்.

முதல் கட்டில் அப்போதுதான் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. இரண்டாவது தபால்காரர் வீட்டில் இருந்தது. அவர் எங்கள் சங்கத்தின் பழைய ஆள், இவருக்கு முன்னால் செயலாளராக இருந்தவர். ஆறு மாதமாகப் படுக்கை. "இந்த வாரம் தாண்டாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு டாக்டர் கதவுப் பக்கம் திரும்பி, "கவலைப்படாதீங்கம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிடும்" என்றார். அந்த அம்மா கும்பிட்டார். அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, தேநீர் ஆறுகிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற சங்கங்களில் கூட்டக் குறிப்பு எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகுமாம். இவர் படி இறங்கி வேனில் ஏறுவதற்குள் கட்டைவிரலாலேயே தட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். அன்றும் போட்டார். ஏழாவது வரி: கட்டில் எண் இரண்டு வெள்ளிக்கிழமைக்குள் காலியாகும், பேக்கரி வீட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

தபால்காரரைக் குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரு பேச்சும் இல்லாததால் அவர் அங்கே இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலையிலயா சாயங்காலமா?"

குரல் மெலிந்திருந்தாலும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. இவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"அண்ணே..."

"இல்ல, எனக்கு யாரும் சொல்லலை பாரு. அதான் கேக்கறேன். தயாரா இருக்கணும்ல."

"அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே. நான் அப்படி நினைச்சு..."

"ஏழாவது வரி" என்று சொல்லிவிட்டுத் தபால்காரர் இருமினார். பின்னால் அவர் மருமகள் யாரையோ திட்டுவது கேட்டது. எங்களைத்தான். போன் நின்றது.

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "மனுசன் உயிரோட இருக்கும்போதே கட்டிலைப் பங்கு போட்டிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கம் இல்லையா?" என்றேன். நானும் அந்த அறையில்தானே நின்றேன் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். குறிப்பை அழித்தார். அழித்தது எல்லோருக்கும் தெரிய, ஆளாளுக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த நாள் இவர் தபால்காரர் வீட்டுக்குப் போனார். வாசலில் வேன் நின்ற சத்தம் கேட்டதும் மருமகள் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாராம். "அதுக்குள்ள வண்டியோட வந்துட்டீங்களா?" என்றாராம். இவர் பழப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் படுக்கையில் புரண்டதில் நானும் தூங்கவில்லை. வியாழக்கிழமை என்னிடம் கேட்டார்: "ஏய், அவரு வெள்ளிக்கிழமை தாண்டிடுவாரா?" அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தபால்காரர் போய்விட்டால் இந்த மனுசன் எழுதித்தான் கொன்றதாக ஆகிவிடும். தாண்டிவிட்டால் பேக்கரிக்காரருக்குக் கட்டில் இல்லை. எதை வேண்டிக்கொள்வது?

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தபால்காரர் இருந்தார். இவர் அப்பாடா என்று மூச்சு விட்ட கையோடு, சனிக்கிழமை காலையில் எங்கள் மரக்கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். என் கல்யாணக் கட்டில்! "பலகையைச் சாய்ச்சு அடிச்சா தலை உசரும், நீ சித்த பிடி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கி ஆணியை நானே அடித்தேன், அவர் அடித்தால் கோணிக்கொள்ளும். பேக்கரிக்காரர் அதில் சாய்ந்து படுத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நாங்கள் தரைக்கு வந்தோம்.

மறுநாள் கூட்டம். போன வாரக் குறிப்பை வாசித்துவிட்டு, "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்பது சங்க வழக்கம். பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. டாக்டர் கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். இவர் எழுந்து நின்றார்.

"உண்டு டாக்டர். ஏழாவது வரி. உயிரோட இருக்கறவரு படுத்திருக்கிற கட்டிலை நான் காலின்னு எழுதிட்டேன். அதை எடுத்துடணும். எடுத்துட்டு, நம்ம அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டோம்னு எழுதணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "கிடைச்சிடும்னு சொன்னது நான்தான். அதையும் எழுதிக்குங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த முறை வேனில் ஏறிய பிறகு, ஒவ்வொரு வரியையும் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டுத்தான் குழுவில் போட்டார். கால் மணி நேரத்தில் தபால்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: வழிமொழிகிறேன்.

அன்று வேன் ஓரமாக நின்றே இருந்தது. இவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் தபால்காரர் இருந்தார். இவர் ஒரு தடவைகூட அந்த வீட்டுக்கு எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் போன் பண்ணவில்லை. கேட்க வாய் துடித்தது எனக்குத் தெரியும். இருபதாம் நாள் காலையில் மருமகளே கூப்பிட்டார். இறந்துவிட்டார் என்றுகூட அந்தப் பெண் சொல்லவில்லை. "கட்டில் காலி. வந்து எடுத்துக்குங்க" என்றார், அவ்வளவுதான்.

"கட்டில் இருக்கட்டும்மா" என்றார் இவர். வேன் சாவியை எடுத்தவர் திரும்ப ஆணியில் மாட்டினார். "வேனைப் பார்த்தா கட்டிலுக்கு வந்திருக்கான்னுதான் நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு நடந்தே போனார். சட்டைப் பையில் இருந்த பட்டியலையும் போனையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. பட்டியலில் முதலாவதாக இருந்த வீட்டுப் பெண்.

"அண்ணா இல்லைங்களா? ஒண்ணுமில்ல, கட்டில் எப்ப வரும்னு..."

"வரும்மா. ஆனா அதுல ஒருத்தர் படுத்திருந்தாரு. இன்னிக்குக் காலையில போயிட்டாரு. முதல்ல அவரை அனுப்பிட்டு வரோம்."

சரி என்று வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஐயோ" என்றாள் அவள். "யாருக்கா அவரு?"

பதினோரு வருஷத்தில் பட்டியலில் இருந்த யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தபால்காரராக இருந்தவர் என்று சொல்ல ஆரம்பித்தேன்.