கிடைக்காத இடத்துக்கு நான் சொன்ன நன்றி

கிடைக்காத ஒன்றுக்காகச் சபை நடுவே எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னவன் நான். கேசரியும் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆலயத்துக்கு வரும் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள், கேசரியில் முந்திரி குறைவு என்பதையும் சேர்த்து.

என் மகள் பிரிசில்லாவுக்குப் பல் மருத்துவம் படிக்க ஆசை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி. நாங்கள் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான்காரர்கள், அவள் விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளும் வேறு மாநிலங்களில். அங்கே அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கே முதலிடம். மிச்சம் மீதி இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு. இரண்டு கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. வடக்கே இருந்த மூன்றாவது கல்லூரி மட்டும் இணையம் வழியாக நேர்காணல் வைத்தது. அது முடிந்ததும் பிரிசி சிரித்துக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

கடந்த ஜூன் மாதம், ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். எழுந்தேன். "என் மகளுக்கு ஆண்டவர் இடம் கொடுத்துவிட்டார்" என்றேன். கிடைக்கும் முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று எங்கோ படித்திருந்தேன். நிறையப் படிக்கிறவனுக்கு வரும் வியாதி இது. சபை கைதட்டியது.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. வெளி மாநில மாணவர்களுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. வருந்துகிறோம்.

பிரிசி அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"அப்பா, நீங்க ஜெபம் பண்ணல. பிரஸ் கான்ஃபரன்ஸ் வச்சீங்க. இப்ப எத்தன பேருக்கு நான் பதில் சொல்லணும், தெரியுமா?"

இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால், சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரி கொடுக்க முன்வந்த கணக்கியல் படிப்பில் சேர்ந்துவிடுவதாக அவள் சொல்லிவிட்டாள். கணக்கியல் என்று சொல்லும்போதே அவள் முகம் சுருங்கியது. அந்த முகத்தை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

அடுத்த ஞாயிறு நான் மட்டும்தான் ஆலயத்துக்குப் போனேன். மனைவியும் மகளும் வரவில்லை. வாசலிலேயே ரோஸ் ஆன்டி பிடித்துக்கொண்டார். சபையில் எல்லாருக்கும் மூத்தவர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர், அதாவது உடனே சொல்லிவிடுபவர்.

"தம்பி, அந்தச் சாட்சிய வாபஸ் வாங்கிடுங்க. ஆண்டவர் பேரு கெடுது லா."

"மாட்டேன் ஆன்டி."

"ஐயோ, ஏன்?"

"நான் அவசரப்பட்டது தப்பு. அவர் குடுப்பாருன்னு நம்புனது தப்பில்ல."

போதகர் நல்லவர். என் தோளில் கை வைத்து, "அண்ணே, சில கதவ ஆண்டவரே சாத்திடுவாரு" என்றார். அவருடைய சித்தத்தை ஏற்றுக்கொள்ளும் மனம் எனக்கு வேண்டும் என்று ஜெபித்தார். சுற்றி நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அந்த ஆலயத்தில் நான் ஆமென் சொல்லாமல் நின்றது அதுவே முதல் முறை. மலேசியாவின் மாநில எல்லைகளை ஆண்டவர் வரைந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், காருக்குள் வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, என் மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்கவில்லை. அது போகட்டும். பிள்ளைக்கு வழி வேண்டும். இல்லை என்று சொல்வதானால் நீரே சொல்லும். ஓர் அலுவலகத்து மின்னஞ்சலை உம்முடைய பதிலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்!" பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வீட்டில் பிரிசி ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"வடக்கு காலேஜுக்கு அப்பீல் போட்டிருக்கேன். கூப்பிட்டா கைத்திறன் சோதனை இருக்கு. படத்தப் பார்த்து அதே மாதிரி கம்பிய வளைக்கணும்."

"கூப்பிடுவாங்களா?"

"தெரியல. ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுங்க. மெதுவா."

கீழ்ப்படிந்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், அவளுடைய அறைக்கு வெளியே நின்று சத்தமில்லாமல் ஜெபித்தேன். உள்ளே கம்பி வளையும் சத்தம் கேட்கும். வீட்டில் துணி மாட்டும் கம்பிகூட அவளிடமிருந்து தப்பவில்லை. வாரம் தவறாமல் கல்லூரிக்குப் போன் செய்தாள். வாரம் தவறாமல் "இன்னும் இல்லை" என்றார்கள். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டு, அடுத்த கம்பியை எடுப்பாள்.

ஆகஸ்ட் வந்தது. பதில் வரவில்லை. கணக்கியல் படிப்புக்குப் பதிந்துகொள்ள அவளை சுபாங் ஜெயாவுக்கு அழைத்துப் போனேன். நெரிசலில் நின்றபோது அவளுடைய போன் ஒலித்தது. வடக்குக் கல்லூரியின் அலுவலக அம்மா. அந்த மாநிலத்து மாணவர் ஒருவர் வேறு படிப்புக்குப் போய்விட்டாராம். நாளைக் காலை சோதனைக்கு வர முடியுமா?

மலாயில் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அப்புறம்தான் குரல் உடைந்தது.

"அப்பா, யூ-டர்ன் போடுங்க."

போட்டேன். பின்னால் வந்த லோரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். நான் ஸ்தோத்திரம் என்று கூவினேன். "மெதுவாப்பா" என்றாள், அழுதுகொண்டே.

மறுநாள் சிவந்துபோன விரல்களோடு சோதனை அறையிலிருந்து வந்தாள். மாலையே இடம் உறுதியானது. அந்த அலுவலக அம்மா என்னிடம், காத்திருந்தவர்களில் விடாமல் போன் செய்தது உங்கள் மகள் மட்டும்தான் என்றார்.

என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப போன் பண்ணுனதாலதான மச்சான் கெடச்சுச்சு? ஜெபம் எங்க வந்துச்சு?" என்றார். கேட்கட்டும். இல்லை, இல்லை என்று கேட்டே பழகிய பிள்ளைக்கு மறுபடி போனை எடுக்கும் தைரியத்தை யார் கொடுத்தது? என் பக்கத்து வம்சத்தில் அது கிடையாது. மனைவி பக்கத்திலும் விசாரித்துவிட்டேன்.

இப்போது பிரிசி வடக்கே படிக்கிறாள். நான் இன்னமும் அவளுடைய காலி அறைக்கு வெளியே நின்று ஜெபிக்கிறேன், மெதுவாக. உங்களிடமும் யாராவது கதவு மூடிவிட்டது என்று சொல்வார்கள். யார் மூடியது என்று கேளுங்கள். ஆண்டவரே இல்லை என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கத்தியதையே பொறுத்துக்கொண்டவர்.

மகளின் அனுமதியோடு இதைச் சபையில் சொன்னேன். ரோஸ் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"எத்தன வருஷம் தம்பி படிப்பு?"

"அஞ்சு வருஷம், ஆன்டி."

"அதுக்குள்ள எனக்கு ஒரு பல்லும் மிஞ்சாது. கண்ணு டாக்டருக்குப் படிக்கக் கேட்டிருக்கலாம் லா."